இசைத்தட்டில் பெயர் இல்லாதவர்களைத் தேடிய எங்கள் நைனா

பேரன்புடைய உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும்,

எங்கள் நைனா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த மலருக்கு நான்தான் எழுத வேண்டும் என்று வீட்டில் முடிவானபோது பெரியப்பா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரு யோசனை சொன்னார்.

"நல்லவரு, நாலு பேருக்கு ஒத்தாசையா இருந்தவருன்னு எழுதும்மா. அந்தத் தட்டு சமாச்சாரத்த மட்டும் வுட்டுடு. செத்தவரப் பத்தி இன்னாத்துக்கு இப்ப அது?"

பெரியப்பாவிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் அந்தத் தட்டு சமாச்சாரத்தை விட்டுவிட்டால் நைனாவின் கடைசி ஐந்தாறு ஆண்டுகளைப் பற்றி எழுத, ரேடியோ பழுதுபார்த்தார், உண்டார், உறங்கினார் என்பதைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. ஆகவே எழுதுகிறேன். நினைவு மலருக்குரிய அமைதி இந்தக் கட்டுரையில் இல்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் ஆற்றாமை இன்னும் தீரவில்லை.

நைனா பிறந்தது சிங்கவரத்தில். தாத்தாவுக்குக் கொஞ்சம் நஞ்சையும் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை போடும் ஒரு கொல்லையும் இருந்தன. இரண்டு பிள்ளைகளில் நைனா இளையவர். ஐந்து வயதில் தாயை இழந்தார். அதன் பிறகு அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு செஞ்சிப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போய் வந்து படித்தார். பள்ளி இறுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் பெற்றும், அந்த ஆண்டு மழை பொய்த்ததால் மேலே படிக்க வழியில்லை. அப்போது உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பட்டாளத்தில் வயர்லெஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பிவிட்டார். எறும்பைக்கூட விலக்கி நடக்கும் சமணக் குடும்பத்துப் பிள்ளை பட்டாளத்துக்குப் போவதா என்று தாத்தா தடுத்தபோது, "துப்பாக்கிய தொடமாட்டேன் நைனா, கம்பியத்தான் தொடுவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

கல்கத்தாவில்தான் அவருக்கு ஜாஸ் இசை பழக்கமாயிற்று. சிப்பாய்கள் வந்து இளைப்பாறும் ஒரு விடுதியில் ஒலிபெருக்கி பழுதாகி, அதைச் சரிசெய்ய நைனாவை அனுப்பினார்கள். மூன்று நாள் வேலை. பகல் நேரங்களில் அங்கே வாத்தியக்காரர்கள் ஒத்திகை பார்ப்பார்கள். பியானோ வாசித்தவர் கறுப்பினத்தைச் சேர்ந்த ஓர் அமெரிக்கர். "எடது கை நடக்குது, வலது கை பேசுது. பேச்சு எங்கயோ போய்ட்டு, நட தப்பாம திரும்பி வருது" என்றுதான் நைனா பிற்காலத்தில் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அந்த இசையை விளக்குவார். மூன்றாம் நாள் அந்தப் பியானோக்காரரிடம் பெயர் கேட்டு, கையில் வேறு தாள் இல்லாததால் தம் ரயில் பாஸின் பின்புறம் எழுதிக்கொண்டார். ஊர் வந்து இறங்கியதும் ஸ்டேஷனில் பாஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பெயரும் அதோடு போயிற்று.

"மொகம் ஞாபகம் இருக்குது, விரலு ஞாபகம் இருக்குது, பேரு மட்டும் பூட்டுதே" என்று இருபது ஆண்டுகள் கழித்தும் தலையில் அடித்துக்கொள்வார்.

போர் முடிந்து வந்து, செஞ்சிக் கடைவீதியில் மல்லாட்டை மண்டிகளுக்கு எதிர்வரிசையில் ரேடியோ பழுதுபார்க்கும் கடை வைத்தார். வந்தவாசிப் பக்கமிருந்து அம்மா வந்தார். நானும் என் தங்கையும் பிறந்தோம். கோயில் திருவிழாக்களுக்கு மைக்செட் போடுவது, ஊர்ச் செய்தி கேட்கப் பஞ்சாயத்து ரேடியோவை ஓடவைப்பது என்று நைனா எல்லோருக்கும் வேண்டியவராக இருந்தார். பொழுது சாய்வதற்குள் உண்டு முடிக்கும் நம் வழக்கத்தை வெளியூரில்கூடத் தவறவிட்டதில்லை. விடியற்காலையில் சிற்றலை வானொலியில் ஜாஸ் தேடுவார். கோட்டை மலை அலையை மறைக்கிறது என்று மலையைத் திட்டிக்கொண்டே ஏரியல் கம்பத்தை உயர்த்திக்கொண்டே போனார். அறிவிப்பாளர் போகிற போக்கில் சொல்லும் பழைய பியானோக்காரர்கள், பாடகிகளின் பெயர்களை ஒரு நோட்டில் குறித்துவைத்தார். இரைச்சலில் காதில் விழாத பெயர்களுக்கு இடம் விட்டு ஒரு கோடு போட்டுவைப்பார். அந்த நோட்டில் பெயர்களைவிடக் கோடுகள் அதிகம்.

இதுவரை எழுதியதை உங்களில் பலர் அறிவீர்கள். இனிமேல் எழுதப்போவதைத்தான் பெரியப்பா வேண்டாமென்றார்.

சீனப் போர் முடிந்த மறு ஆண்டு, பாண்டிச்சேரியிலிருந்து பிரான்சுக்குக் கிளம்பிய ஒரு குடும்பம் வீட்டுச் சாமான்களை விற்கிறது என்று கேட்டு, வால்வு ரேடியோக்களுக்காக நைனா போனார். ரேடியோக்களோடு ஒரு மரப்பெட்டி நிறைய இசைத்தட்டுகளும் வந்தன. அதில் ஒன்று சைகோனில் பதிவானது. பியானோவும் ஒரு பெண் குரலும். பாட்டு பிரெஞ்சு மொழியில். தட்டின் நடுவே ஒட்டியிருந்த காகிதத்தில் வாத்தியக் குழுவின் தலைவரான ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் இருந்தது. வாசித்தவர் பெயரும் இல்லை, பாடியவர் பெயரும் இல்லை.

இரண்டாம் பக்கத்தின் கடைசியில் பாட்டு முடிந்த பிறகும் பியானோ நிற்காமல் கொஞ்ச நேரம் ஓடுகிறது. அப்போது அந்தப் பெண் குரல் மெதுவாக ஏதோ சொல்லிச் சிரிக்கிறது. தட்டு முடிந்துவிடுகிறது.

நைனா அதை எத்தனை முறை போட்டுக் கேட்டார் என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் மத்தியானம் கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தவர் கை கழுவாமலே நின்றார்.

"அந்தம்மா தமிழு. கடேசில 'போதும்ணா'ன்னு சொல்லுது. சத்தியமா சொல்லுது. வாசிக்கறது அவங்க அண்ணன்."

அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே, "சைகோன்ல தமிழ்க்காரி இங்கிலீஷ் டான்ஸ் பாட்டு பாடுனாளா? சாப்டுங்க மொதல்ல" என்றார்.

அன்றிலிருந்து கடைக்கு வந்தவர்கள் யாரும் அந்தத் தட்டைக் கேட்காமல் தப்பியதில்லை. "இன்னா சொல்லுது, கேட்டுச் சொல்லுங்க" என்பார். ஒருவர் 'பொம்பா' என்றார், இன்னொருவர் அது கீறல் என்றார். "பாத்திரம் கவுந்தமாரி இருக்குதுப்பா" என்று எழுந்து போனவர்களும் உண்டு. பெரியப்பா காதைக் குடைந்துவிட்டு, "அது பிரெஞ்சுடா. அவங்க ஊர்ல அப்டித்தான் முடிப்பாங்க" என்றார். என்னையும் கேட்டார். எனக்கு அப்போது ஒன்றும் விளங்கவில்லை. நைனாவின் முகத்தைப் பார்த்து, "ஆமா நைனா, போதும்ணாதான்" என்று பொய் சொன்னேன். அந்தப் பொய்யை நம்பி அவர் மூன்று ஆண்டுகள் அலைந்தாரோ என்று பிறகு வருந்தியிருக்கிறேன்.

இசைத்தட்டுக் கம்பெனிக்கு எழுதினார். ஆறு மாதம் கழித்துப் பதில் வந்தது. அப்படிப்பட்ட விவரம் ஏதும் தங்களிடம் இல்லை என்று ஒரு வரி, கூடவே புதிதாக வெளிவந்திருக்கும் பக்திப் பாடல் தட்டுகளின் பட்டியல். மறுபடி எழுதினார். மறுபடி அதே பட்டியல் வந்தது.

என்னைப் பெண் பார்க்க ஆரணியிலிருந்து வந்திருந்தார்கள். நல்ல இடம். காபி கொடுத்து முடிந்ததும் நைனா மாப்பிள்ளையைப் பார்த்து, "தம்பிக்குக் காது நல்லா கேக்குமில்ல?" என்றார். அந்தக் கேள்வியிலேயே அவர்கள் முகம் மாறிவிட்டது. பிறகு தட்டைக் கொண்டுவந்து போட்டு, கடைசியில் என்ன சொல்கிறது என்று மாப்பிள்ளையின் தகப்பனாரையும் சேர்த்துக் கேட்டார். அவர்கள் போய்ச் சொல்லி அனுப்பினார்கள், வேண்டாமென்று. இரண்டு மாதம் நான் நைனாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. "காது கேக்காத வூட்ல போய் நீ இன்னாம்மா பண்ணப்போற?" என்று ஒரே ஒரு தடவை சொன்னார்.

சென்னையில் மேற்கத்திய இசை மன்றம் ஒன்று உண்டு. பெயர் வேண்டாம். அங்கே போய்க் கேட்டால் தெரியும் என்று யாரோ சொல்ல, தட்டைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சி நடந்த நேரம் அது. பாதியில் பஸ் நின்றுபோய், நெடுந்தூரம் நடந்து, மறுநாள் போய்ச் சேர்ந்தார். மன்றத்துச் செயலாளர் அவரை வாசலிலேயே காத்திருக்கவைத்துவிட்டு, "தமிழ்க்காரங்க பாடினதுன்னா தமிழிசைக்காரங்ககிட்ட போங்க" என்றாராம். தமிழிசைக்காரர்கள் ஓர் அடி கேட்டுவிட்டு, "இது தமிழ்ப் பாட்டு இல்லையே" என்று கும்பிட்டு அனுப்பிவிட்டார்கள். நைனா திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது, "இந்தக் கதவும் தொறக்கல, அந்தக் கதவும் தொறக்கல, ரெண்டுக்கும் நடுவுல தெருவுலதான் நிக்க வெச்சிருக்கான் அவங்கள" என்றார்.

இப்படி உலகமெல்லாம் எழுதிக் கேட்டவருக்கு, கடைக்கு எதிரே இருந்த ஆள் கண்ணில் படவில்லை. கண்டுபிடித்தது அம்மா.

அரிசித் தட்டுப்பாடு கடுமையாக இருந்த காலம். மண்டியில் மூட்டை எடை பார்த்துச் சீட்டு எழுதும் பெரியவர் ஒருவர் இருந்தார். மெலிந்த உருவம், வெள்ளைச் சட்டை, யாரோடும் பேச மாட்டார். சைகோனிலிருந்து திரும்பி வந்து, உறவுக்காரர் ஒருவரின் மண்டியில் ஒண்டிக்கொண்டவர் என்பதுகூட எங்களுக்கு அப்போது தெரியாது. அம்மா ஒரு நாள் நைனாவிடம் கேட்டார்: "அந்த மண்டிக்காரர் இன்னாத்துக்கு நீங்க தட்டு போட்டா மட்டும் ரோட்டுக்கு அந்தாண்ட பக்கம் ஒதுங்கிப் போறாரு?"

நைனா அப்படியே எழுந்து ஓடினார். ஓடிய வேகத்திலேயே காரியத்தைக் கெடுத்தார். மண்டியில் பத்துப் பேர் நடுவே, "ஐயா, நீங்க பியானோ வாசிப்பீங்களா?" என்று கேட்டிருக்கிறார். "நான் மூட்டை எடை போடறவன்" என்று பெரியவர் தராசைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டார். அதன் பிறகு எங்கள் கடைப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டு, மண்டியின் பின்வாசல் வழியாகவே போய்வந்தார்.

பத்து நாள் கழித்து ரேஷன் கடை வரிசையில் அம்மாவுக்கு முன்னால் அவர் நின்றார். அம்மா மெதுவாக, "எங்க வூட்டுத் தட்டு உங்களுக்குத் தொந்தரவா இருக்குதாங்க ஐயா? சொல்லுங்க, நிறுத்திடச் சொல்றேன்" என்று மட்டும் கேட்டார்.

பெரியவர் திரும்பிப் பார்க்கவில்லை. "நிறுத்த வேணாம்மா. அதுல பாடறது என் தங்கச்சி. உசுரோட இல்ல" என்றார்.

அம்மா வரிசையை விட்டு, அரிசி வாங்காமலே, அவரை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அன்று எங்கள் வீட்டில் கேழ்வரகுக் கூழ்தான்.

பெரியவரின் பெயர் சவரிநாதர். தங்கையின் பெயர் மதலேன். பாண்டிச்சேரியில் பிறந்தவர்கள். தகப்பனார் பிரெஞ்சு அரசு வேலையாகச் சைகோனுக்குப் போக, பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். மாதா கோயிலில் பியானோ கற்றவர் ஒரு பெரிய ஓட்டலின் வாத்தியக் குழுவில் சேர்ந்து, ஜாஸ் தட்டுகளைக் கேட்டுக் கேட்டுத் தாமாகவே அதை வசப்படுத்தினார். தங்கையையும் பாடச் சேர்த்தார். ஓட்டலுக்கு வருகிறவர்கள் தமிழர்கள் பாடினால் கேட்க மாட்டார்கள் என்று சொல்லி, இருவருக்கும் ஸ்பானியப் பெயர் வைத்து மேடையேற்றினார்கள். தட்டு பதிவானபோது அந்தப் பொய்ப் பெயரைக்கூடப் போடவில்லை. அதன் பிறகு அங்கே மூண்ட போரின்போது மதலேன் காய்ச்சலில் இறந்துவிட்டார்.

தட்டை முழுவதும் கேட்டார் சவரிநாதர். கடைசி வந்ததும் நைனா மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தார்.

"'போதும்ணா'ன்றா. நான் முடிக்காம வாசிச்சிக்கிட்டே இருந்தேன். அவ நிறுத்தச் சொன்னா, நான் நிறுத்தல. அதான் சிரிக்கறா" என்றார் பெரியவர்.

நைனா எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். 'நான்தான் சொன்னேனே' என்று சொல்லியிருக்கலாம். பெரியப்பா அப்போது அங்கே இல்லாததுதான் எனக்குக் குறை.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நானும் அமைதியாக எழுதியிருப்பேன். ஆனால் நைனாவுக்கு ஆளைக் கண்டுபிடித்தது போதவில்லை. சவரிநாதர் மறுபடி வாசிக்க வேண்டும், அது பதிவாக வேண்டும், இருவர் பெயரும் அச்சில் வர வேண்டும். செஞ்சியில் பியானோ ஏது? திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக் கூடத்தில், உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவே ஒன்று கிடந்தது. கட்டைகள் பாதி எழும்பவில்லை, கம்பியைத் தட்டும் சுத்திகளை மூடியிருந்த கம்பளியைப் பூச்சி தின்றிருந்தது. ஞாயிறுதோறும் இருவரும் பஸ் ஏறிப் போவார்கள். கொல்லரிடம் சொல்லி முறுக்குச் சாவி அடித்து வாங்கினார் நைனா. சவரிநாதர் காதால் கேட்டுச் சொல்ல, நைனா கம்பியை முறுக்குவார். பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த கம்பளியை வெட்டிச் சுத்திகளுக்கு ஒட்டினார். "குளிருக்குப் போத்த ஒண்ணுதான் இருந்திச்சி, அதுவும் பூட்டுது" என்று அம்மா புலம்பினார். எட்டு மாதம் ஆயிற்று.

எல்லாம் சரியான பிறகு பள்ளித் தலைமையாசிரியர், கூடத்தில் தெய்வப் பாடல் மட்டும்தான் வாசிக்கலாம் என்றார். அதற்கும் தலையாட்டினார்கள். நைனா சென்னைக்கு மறுபடி போய், அதே செயலாளரை எப்படியோ பேசிச் சம்மதிக்கவைத்தார். சைகோன் ஓட்டலில் வாசித்தவர் என்றதும் இம்முறை அவருக்கும் ஆசை வந்துவிட்டது. டேப் ரிக்கார்டரோடு வருவதாகவும், மன்றத்தின் ஆண்டு மலரில் அண்ணன் தங்கை இருவரையும் பற்றி எழுதுவதாகவும் வாக்குக் கொடுத்தார்.

அந்த நாள் நானும் போயிருந்தேன். மத்தியானம் எல்லாம் தயாராகி, சவரிநாதர் கையைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்ததும் கரண்ட் போயிற்று. "ஐந்து மணிக்குக் கூடத்தைப் பூட்டணும்" என்று தலைமையாசிரியர் கடிகாரத்தைக் காட்டினார். செயலாளர் பெட்டியை மூட ஆரம்பித்தார். நைனா வெளியே ஓடி, ரோட்டில் நின்ற லாரிக்காரரிடம் கெஞ்சி பேட்டரியைக் கழற்றி வாங்கி, மைக்செட்டுக்காகக் கையோடு வைத்திருந்த, பேட்டரி மின்சாரத்தை மாற்றித் தரும் கருவியை மாட்டி, அரை மணியில் டேப்பை ஓடவைத்துவிட்டார். சட்டையெல்லாம் கிரீஸ்.

சவரிநாதர் மாதா பாட்டு ஒன்றில்தான் தொடங்கினார். இடது கை நடந்தது. கொஞ்சம் கொஞ்சமாக வலது கை வேறு எங்கோ போயிற்று. நைனா பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு அன்றுதான் புரிந்தது. தலைமையாசிரியர் கால் கட்டைவிரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தார், அவருக்கே தெரியாமல். ஒரு மணி நேரத்துக்கு மேல் வாசித்தார். டேப் பெட்டியின் மேல் நைனா தம் கையால் சவரிநாதர், மதலேன் பெயர்களையும் எங்கள் கடை விலாசத்தையும் எழுதிக் கொடுத்தார். பெயர் தொலைந்த பழைய அனுபவம் அவருக்கு உண்டல்லவா.

மாதங்கள் போயின. ஆண்டு மலர் வந்தது. அதில் ஒரு வரிகூட இல்லை. கடிதத்துக்குப் பதில் இல்லை. நேரில் போனார். செயலாளர் வீட்டில் வாழைமரம் வாடிக்கொண்டிருந்தது. மகள் கல்யாணம் முடிந்து சில நாள்தான் ஆகியிருந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்க. கல்யாணத்து நாதஸ்வரத்தப் பதிவு பண்ண வேற டேப் கெடைக்கல. அதுமேலயே எடுத்துட்டாங்க. எல்லாம் அழிஞ்சிபோச்சி. இன்னொரு நாள் எடுத்தா போச்சு" என்றாராம் அவர். அந்த அழிந்த டேப்பையாவது ஒரு முறை போட்டுக் கேட்கட்டுமா என்று நைனா கேட்டதற்கு, குடும்பத்து டேப், வெளியே தர முடியாது என்றார்.

நைனா அன்று வீட்டுக்கு வரவில்லை, நேரே மண்டிக்குப் போனார். நான் பாடம் சொல்லித்தரும் பள்ளியிலிருந்து வரும் வழியில் அங்கே நின்றுவிட்டேன்.

"விடுங்க தம்பி. எங்களுக்கு இது பழக்கம்தான்" என்றார் சவரிநாதர்.

"உங்களுக்குப் பழக்கங்க ஐயா. எனக்குப் பழகல" என்று நைனா கத்தினார். மண்டியில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நைனா யாரிடமும் குரல் உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

இன்னொரு நாள் எடுக்கவும் வழியில்லாமல் போயிற்று. அடுத்த மாதமே மல்லாட்டை மூட்டை சரிந்து சவரிநாதரின் வலது மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு கூடியது, விரல்கள் கூடவில்லை. நைனா அதற்குப் பிறகும் கடிதம் எழுதிக்கொண்டுதான் இருந்தார். எழுதிக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடையில் சரிந்தார். பாண்டிச்சேரிப் பெரிய மருத்துவமனையில் மூன்று வாரம் இருந்தார். வீட்டுக்கு அழைத்துப் போய்விடுங்கள் என்று அவரே கேட்டார். நாங்கள் பஞ்ச நமஸ்கார மந்திரம் சொல்லிக்கொண்டிருக்க, பட்டப்பகலில், எந்தப் போராட்டமும் இல்லாமல் அடங்கினார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை. இறுதி ஊர்வலத்தில் வளைந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுடுகாடு வரை வந்தவர் யார் என்று உங்களில் பலர் கேட்டீர்கள். அவர்தான் சவரிநாதர்.

மூன்று மாதங்களுக்கு முன் கடை விலாசத்துக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அந்தச் செயலாளரின் மகள், கல்யாணப் பெண். தம் கல்யாண டேப்பைப் போட்டுக் கேட்கும்போதெல்லாம் நாதஸ்வரம் முடிந்த பிறகு கடைசியில் கொஞ்சம் பியானோவும் பேச்சுக் குரலும் வருவதாகவும், பெட்டியின் மேலிருந்த விலாசத்தைப் பார்த்து எழுதுவதாகவும், கல்யாணமான புதிதிலேயே இதைத் தம் அப்பாவிடம் சொல்லி, உரியவர்களுக்குத் தெரிவிக்கச் சொன்னதாகவும் எழுதியிருந்தார்.

அதாவது, நைனா உயிரோடு இருந்தபோதே செயலாளருக்குத் தெரிந்திருந்தது. ஓர் அஞ்சலட்டை போட்டிருக்கலாம். இதற்கு மேல் எழுதாமல் விடுகிறேன்.

அந்தப் பெண் நல்லவர். சென்ற மாதம் தம் கணவரோடு டேப்பையும் ரிக்கார்டரையும் எடுத்துக்கொண்டு செஞ்சிக்கே வந்தார். கடையில் அம்மா, நான், தங்கை, பெரியப்பா, சவரிநாதர் எல்லோரும் உட்கார்ந்து கேட்டோம்.

அந்தக் கடைசித் துண்டு ஏறக்குறைய இரண்டு நிமிடம். பியானோ அரை நிமிடம்கூட இல்லை. அதற்குப் பிறகு கைதட்டல், நாற்காலி நகரும் ஓசை. பிறகு நைனாவின் குரல். ஊரெல்லாம் ஒலிபெருக்கி கட்டியவர் தம் குரலை ஒரு தரமும் பதிந்துவைத்ததில்லை. எங்களிடம் இருப்பது இது ஒன்றுதான்.

"இருங்க, நிறுத்திடாதீங்க, ஓடட்டும். ஐயா, இப்ப பேரு சொல்லுங்க. உங்க பேரு, தங்கச்சி பேரு. இந்தாண்ட மைக்கப் பாத்துச் சொல்லுங்க. இன்னும் கொஞ்சம் ஒரக்க… ஆங், அப்டித்தான்."

சவரிநாதர் தம் பெயரைச் சொல்கிறார். மதலேன் என்று சொல்கிறார். டேப் முடிகிறது.

நைனா நோயுற்றிருந்தபோது வாடகைக் காரில் பாண்டிச்சேரிக்கும் திரும்பவும் அழைத்துச் சென்ற ஓட்டுநருக்கும், மூன்று வாரமும் முறைவைத்து உடனிருந்த சிங்கவரம் உறவினர்களுக்கும், கடையைத் திறந்து வைத்துக் காத்த மண்டித் தோழர்களுக்கும், பெயர் கேட்க மறந்துவிட்ட அந்த லாரிக்காரருக்கும், டேப்பை நகலெடுத்துக்கொள்ளத் தந்த அந்த மகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. செயலாளருக்கும் இந்த மலரில் ஒரு பிரதி அனுப்பியிருக்கிறோம். நினைவு நாளன்று காலை பூசை முடிந்ததும் கடையில் தட்டையும் டேப்பையும் போடுகிறோம். சவரிநாதரும் வருவார். விருப்பமுள்ளவர்கள் இருந்து கேட்டுவிட்டுப் போகலாம். முடியாதவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போகலாம், வருத்தமில்லை.

டேப் முடிந்த அன்று பெரியப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அம்மாதான் ரிக்கார்டரைப் பார்த்துக் கோபமாகச் சொன்னார்:

"அப்பவும் பாரு, அடுத்தவங்க பேரத்தான் கேக்கறாரு. தன் பேர ஒரு வாட்டி சொல்லிவெக்கக் கூடாதா இந்த மனுசன்?"

குடும்பத்தார் சார்பில்,
மூத்த மகள்
செஞ்சி